பத்து விரலுக்கும் தொப்பி

குற்றம் கண்டுபிடிப்பதற்கு எனக்கு மாதச் சம்பளம் தரப்போகிறார்கள் என்று சொன்னபோது அம்மா நம்பவில்லை. "இதை வீட்டுல சும்மாவேதானேடி செஞ்சிக்கிட்டிருக்க" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அரிசியில் கல், தையல்காரர் விட்ட அரை இஞ்ச், கல்யாணப் பத்திரிகையில் மாறிப்போன கிழமை, எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. கண்ணில் பட்டதைச் சொல்லாமல் வாயும் சும்மா இருக்காது. சிறுசேரியில் நான் சேர்ந்த கம்பெனியில் டெஸ்டிங் வேலை என்றால், மற்றவர்கள் எழுதிய புரோகிராமை எங்கே தட்டினால் உடையும் என்று நாள் முழுக்கத் தட்டிப் பார்ப்பது. உடைந்தால் அதற்குப் பெயர் டிஃபெக்ட். உடைத்தவளுக்குப் பாராட்டு. எனக்கென்றே செய்துவைத்த வேலை.

இரண்டாயிரங்களின் நடுவில் எங்கள் டீமுக்கு ஒரு கதவு வந்தது. வளைகுடா நாடு ஒன்றின் விமான நிலையத்தில் வைக்கிற தானியங்கிக் கதவு. அந்த நாட்டில் குடியிருப்பவர்கள் வெளியூர் போய்விட்டு வீடு திரும்பும்போது பாஸ்போர்ட் அதிகாரி முன்னால் நீள வரிசையில் நிற்க வேண்டாம். ரேகை பதிந்த அடையாள அட்டையைச் செருகினால் முதல் கண்ணாடிக் கதவு திறக்கும். உள்ளே போய் நின்று விரலை வைத்தால், ரேகையைப் பார்த்துவிட்டு இரண்டாவது கதவு திறக்கும். பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடலாம். கதவெல்லாம் அங்கே. எங்களிடம் இருந்தது சோப்புப் பெட்டி அளவில் ரேகை படிக்கிற கருவி ஒன்றும், திரையில் பச்சையாகவும் சிவப்பாகவும் மாறுகிற ஒரு கதவுப் படமும்தான். அதை வைத்துக்கொண்டே நாங்கள் அந்த நாட்டு ஜனங்களையெல்லாம் உள்ளே விட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த ஊரில்தான் என் அக்கா இருந்தாள். மச்சானுக்கு அங்கே ஏ.சி. மெக்கானிக் வேலை. அதனால் இந்தக் கதவு எங்கள் வீட்டில் ஒரு சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டது. அத்தாவுக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் சூட்கேஸ் கடை. துபாய்க்கோ குவைத்துக்கோ போகிறவர்கள் பெட்டி வாங்க வந்தால் அத்தா ஜிப்பைத் திறந்து மூடிக் காட்டுவதற்கு முன்னால் என் கதையை ஆரம்பித்துவிடுவார். ஏர்போர்ட்டில் கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கும், அது என் சின்னப் பொண்ணு பார்க்கிற வேலை என்பார். அந்த மனுஷன் போகிறது வேறு நாடாக இருக்கும். அத்தாவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. கடையில் உட்கார்ந்து இதைக் கேட்கும்போது எனக்கு மேலுக்கு எரிச்சல், உள்ளுக்குள் தேன்.

அந்த வருஷம் நோன்புப் பெருநாளுக்கு அக்கா கீழ்க்கட்டளை வீட்டுக்கு வந்தாள். பெருநாளுக்கு முந்தின நாள் அம்மா மருதாணி அரைத்தாள். கடையில் கோனில் விற்பதெல்லாம் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டாது. பின்பக்கச் சுவரோரம் நிற்கிற செடியிலிருந்து இலை பறித்து, கொட்டைப்பாக்கு வைத்து, அம்மியில் அரைத்ததுதான் மருதாணி. உள்ளங்கையில் ஒரு வட்டம், அதைச் சுற்றிப் பொட்டுகள், பத்து விரலுக்கும் முதல் கணு வரை தொப்பி. பூ, கொடி, மயில் எதுவும் கிடையாது. தொப்பிதான் அழகு. மறுநாள் கழுவினபோது அக்காவின் விரல்கள் செக்கச்செவேல் என்றிருந்தன. மச்சான் மேல் அவ்வளவு பாசமா என்று நாங்கள் ஓட்டினோம். அவள் அந்தக் கையோடுதான் விமானம் ஏறினாள்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுகிறவள், அன்றைக்குப் பண்ணவில்லை. அடுத்த நாள் மத்தியானம்தான் பேசினாள். அட்டையைச் செருகியதும் முதல் கதவு திறந்திருக்கிறது. உள்ளே போய் விரலை வைத்திருக்கிறாள். சிவப்பு. துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். சிவப்பு. மூன்றாம் தடவை மணி அடித்து, முன் கதவும் பின் கதவும் பூட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே வரிசையில் நின்ற அத்தனை பேரும் அவளைப் பார்த்திருக்கிறார்கள். காவலர் வந்து வெளியே கூட்டிவந்து, ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, அட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கவுன்டருக்குக் கூட்டிப்போனார்கள். அங்கேயும் அதே கருவிதான். அதிலும் படியவில்லை. ஓர் அதிகாரி அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ரேகையை மறைக்க விரலில் என்ன பூசியிருக்கிறாய், இந்த அட்டை யாருடையது என்று கேட்டாராம். வெளியே காத்திருந்த மச்சான் பழைய காகிதங்களோடு உள்ளே வந்து, மேலதிகாரி ஒருவர் முகத்தையும் போட்டோவையும் ஒத்துப் பார்த்த பிறகுதான் விட்டிருக்கிறார்கள்.

என் அக்கா உரக்கப் பேசத் தெரியாதவள். பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கக்கூட என்னைத்தான் அனுப்புவாள். அவளைப் போய்த் திருடி மாதிரி உட்காரவைத்திருக்கிறார்கள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. அந்த அதிகாரியை, கருவியை, கதவை, எல்லாரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அம்மாக்கிட்ட சொல்லாத. தம்பி கல்யாணத்துக்கு வர்றேன். ஆனா எனக்கு இனிமே மருதாணி வேணாம்."

தம்பிக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது. சில மாதங்களே இருந்தன. ஒரே தம்பி. மாப்பிள்ளையின் மூத்த அக்கா, வெறுங்கையோடு மண்டபத்தில் நிற்பதா? வருகிற சொந்தம் ஒவ்வொன்றும் கையைப் பிடித்துப் பார்த்துத்தான் நலம் விசாரிக்கும். அதைவிட எனக்கு வலித்தது அந்த 'இனிமே'தான். சின்ன வயதிலிருந்து மருதாணி வைத்த கையைத் தலையணைக்குப் பக்கத்தில் விரித்துப் போட்டு, புரளாமல் தூங்குகிற பெண் அவள். ஒரு கருவிக்குப் பயந்துகொண்டு அதை விடுவதா? அதுவும் என் கருவிக்கு?

திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் போய் இறங்கியதும் பையைக்கூட வைக்காமல் அந்தச் சோப்புப் பெட்டியில் என் விரலை வைத்தேன். என் கையிலும் அதே அம்மியில் அரைத்த மருதாணி. சிவப்பு. அடுத்த விரல், சிவப்பு. பத்தில் ஒன்றிரண்டு தவிர எல்லாம் சிவப்பு. நோன்பு மாதம் முழுக்க இதே கருவியில் இதே விரல்களை வைத்து டெஸ்ட் செய்திருக்கிறேன், ஒருநாளும் மறுத்ததில்லை. அக்காவுக்காக அழுகை வந்தது. கூடவே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒரு சந்தோஷமும் வந்தது. டெஸ்டிங் வேலை பார்க்கிறவர்களுக்குத்தான் அது புரியும்.

டிஃபெக்ட் பதிவு செய்தேன். எங்கள் டீம் லீட் அதை டிஃபெக்டே இல்லை என்று அன்றைக்கே மூடினார். அவர் பெருங்களத்தூர்க்காரர். நல்ல மனுஷர், நிதானம் ஜாஸ்தி. அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். கோபம் வந்தால் மட்டும் நான் 'சார்' போடுவேன். அன்றைக்கு வார்த்தைக்கு வார்த்தை சார் போட்டேன். அழுக்குக் கையை வைத்தால் எந்தக் கருவியும் படிக்காது, கழுவிவிட்டு வைக்கச் சொல்ல வேண்டியதுதான் என்றார். சார், இது ஜாம் இல்லை, மருதாணி என்றேன். ரெண்டு வாரத்தில் போய்விடுமே என்றார். அந்த ரெண்டு வாரமும் ஏர்போர்ட்டிலேயே பாய் போட்டுப் படுத்துக்கொள்ளச் சொல்கிறீர்களா சார் என்றேன். டீம் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தது.

நான் மறுபடி திறந்தேன். அவர் மறுபடி மூடினார். இப்படியே சில நாள் ஓடியது. அந்த நாட்டில் உட்கார்ந்து எங்கள் வேலையை ஒருங்கிணைத்தவர், இப்படி வருகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள், இது ஏதோ ஒரு அபூர்வமான கேஸ் என்று மெயில் போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அபூர்வமா? இரண்டு பெருநாள், தீபாவளி, ஆடிப்பெருக்கு, ஆவணி, தை என்று முகூர்த்தம் வைத்த கல்யாணங்கள். நம் ஊர்க்காரர்கள், மலையாளிகள், வடக்கத்தியார்கள், பாகிஸ்தானியர்கள். அட, அந்த நாட்டுப் பெண்களே கை நிறையப் போடுகிறார்களே! வெளியூர் போய்த் திரும்புகிறவர்கள் எதற்காகப் போனார்கள்? கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும்தான். எல்லாருக்கும் திரும்பும்போதுதான் கை சிவந்திருக்கும். கருவி செய்தவர்கள் ஏதோ குளிர் தேசத்தில் கோட்டு போட்டவர்கள். முதலில் விரல் வைத்துப் பார்த்ததெல்லாம் ஆம்பளைகள். அவர்கள் மேல் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் சொல்லாமலும் விட முடியாது.

கடைசியில் லீட் என்னை உட்காரவைத்துப் பேசினார். ஒரு ஆளின் கையை வைத்துக்கொண்டு கருவி செய்த கம்பெனியிடம் போய் நிற்க முடியாது, உன் தோல் அப்படி என்று சொல்லிவிடுவார்கள். பல பேருடைய கை வேண்டும், மருதாணிக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை வைத்துக் காட்ட வேண்டும் என்றார். நியாயம்தான். நான் டீமைத் திரும்பிப் பார்த்தேன். டீம் அவசர அவசரமாகத் திரையைப் பார்த்தது.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா ஒரு தூக்குச்சட்டி நிறைய அரைத்துக் கொடுத்தாள். ஆபீசுக்கு எதற்கு மருதாணி என்று கேட்டவளிடம், வேலைக்குத்தான் என்று மட்டும் சொன்னேன். கம்பெனி வாசலில் செக்யூரிட்டி அண்ணன் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பக்கத்துக் கிராமத்துக்காரர்.

"இன்னாம்மா இது, கீரையா?"

"மருதாணிண்ணா."

"ஆபீஸ்ல இன்னா மருதாணி? யாருக்குனா வளைகாப்பா?"

ஏர்போர்ட் கதவுக்கு என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மூடியைப் போட்டுக் கொடுத்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மீட்டிங் அறையை மூடிக்கொண்டு ஆரம்பித்தோம். எல்லாரும் முதலில் சுத்தமான விரலை வைத்தார்கள், எல்லாம் பச்சை. பிறகு ஒவ்வொருவராகக் கையை நீட்டினார்கள். பெண்களுக்கு ஒரே குஷி. பையன்கள்தான் நெளிந்தார்கள். ஒருத்தன் சாயங்காலம் கிரிக்கெட் ஆட வேண்டும் என்றான், இன்னொருத்தன் பெண் பார்க்கப் போக வேண்டும் என்றான். நல்லா சிவந்தால் பெண் வீட்டில் சந்தோஷப்படுவார்கள் என்று சொல்லிப் பிடித்து வைத்தேன். ஏ.சி. குளிரில் தொப்பி காய்ந்து உதிரப் பார்த்தது, எலுமிச்சைச் சாற்றைத் தொட்டுத் தொட்டு வைத்தேன். ஒருத்தருக்கும் கீபோர்டைத் தொட முடியாது, மூக்கைச் சொறிய முடியாது. ரெண்டு பேர் தும்மினார்கள். அந்தச் சாயங்காலம் எங்கள் டீம் ஒரு வரி வேலை பார்க்கவில்லை.

லீட் கடைசி வரை கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம். பெருங்களத்தூரில் புது அபார்ட்மென்ட் வாங்கியிருந்தார், பல வருஷக் கனவு. அவரைக் கேட்கவே கூடாது என்று நான் முடிவு செய்திருந்தேன். எல்லாருக்கும் முடிந்து சட்டியில் கொஞ்சம் மிச்சம் இருந்தபோது அவரே வந்து எதிரே உட்கார்ந்தார். சுத்தமான விரலைக் கருவியில் வைத்துப் பச்சை காட்டிவிட்டு, சட்டைக் கையை மடித்துப் பத்து விரலையும் மேசைமேல் விரித்தார்.

"போடும்மா. எனக்குக் கொஞ்சம் காஞ்ச கை, ரேகை லேசுல படியாது. என்னோடதே படிச்சுதுன்னா உன் டிஃபெக்ட மூடிடுவேன். படிக்கலன்னா நானே மெயில் போட்டு சண்டை போடறேன்."

அதற்குப் பிறகு அவரை நான் கோபத்தில்கூட சார் போட்டுக் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை வந்தவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். ஹோமத்தில் உட்கார்ந்தபோது ஐயர் அவர் கையைப் பார்த்தாராம், பிறகு அவர் மனைவி கையைப் பார்த்தாராம். மனைவி கையில் ஒன்றுமில்லை. யார் வைத்துவிட்டது என்று வீட்டில் கேள்வி. டீமே வைத்துக்கொண்டது, ஏர்போர்ட் கதவுக்காக என்று சொல்லியிருக்கிறார். எந்த மனைவி நம்புவாள்? நாங்கள் எல்லாரும் சேர்ந்து போனில் பேசி அவரைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

ஆனால் டீமிலேயே அவர் கைதான் நன்றாகச் சிவந்திருந்தது. கருவியில் வைத்தார். சிவப்பு. பத்து விரலும் சிவப்பு. மற்றவர்களில் பாதிக்கு மேல் படியவில்லை. அவர் எங்கள் எல்லாரையும் மேசையைச் சுற்றிக் கையை விரித்து நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்தார். ஆணும் பெண்ணுமாக, கறுப்பும் மாநிறமுமாக, அத்தனை சிவந்த விரல்கள். அதை மேலே வைத்து ஒரு மெயில் எழுதினார் பாருங்கள், அந்த மனுஷருக்குள் இவ்வளவு கோபம் இருந்ததா என்று நானே அசந்துபோனேன்.

கொஞ்ச நாள் சத்தமே இல்லை. பிறகு கருவி செய்தவர்களிடமிருந்து பதில் வந்தது. விரல்மேல் விழுகிற ஒளியின் அளவை மாற்றி, கருவியின் புரோகிராமுக்கு ஒரு புதுப் பதிப்பு அனுப்பினார்கள். எங்கள் பக்கத்திலும் மாற்றினோம். ஒரு விரல் படியவில்லை என்றால் உடனே மணியடித்துப் பூட்டக்கூடாது, அமைதியாக அடுத்த விரலைக் கேட்க வேண்டும். அதையும் இதையும் சேர்த்து மறுபடி டெஸ்ட் செய்ய மறுபடி ஒரு சட்டி மருதாணி. இந்தத் தடவை பக்கத்து டீம் பெண்களும் கையை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். சிலருக்கு முதல் விரல், சிலருக்கு இரண்டாவது. ஆனால் ஒருத்தர்கூட உள்ளே மாட்டவில்லை. திரையில் பச்சை, பச்சை, பச்சை. அக்காவின் ஊரில் இருக்கிற கதவுகளுக்கும் அதைப் போட்டாயிற்று என்று மெயில் வந்தபோது தம்பி கல்யாணத்துக்குச் சில நாட்களே இருந்தன.

அக்கா வந்தாள். மருதாணிக் கிண்ணத்தோடு அம்மா வந்ததும் கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டு, தலைவலி, அப்புறம் பார்க்கலாம் என்றாள். அம்மா முகம் விழுந்துவிட்டது. அவளுக்கு எதுவும் தெரியாது. மூத்தவளுக்குத் தம்பி பெண்டாட்டியைப் பிடிக்கவில்லையோ என்றுகூட நினைத்திருப்பாள். நான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அக்காவை உள் அறைக்கு இழுத்துப் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். சிரித்தாள்கூட. ஆனால் கையை நீட்டவில்லை.

"மறுபடி அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள நிக்க என்னால முடியாதுடி."

"நிக்க மாட்ட. திறக்கும்."

"நீ இங்க உக்காந்துக்கிட்டுச் சொன்னா அங்க திறக்குமா?"

"திறக்கும்" என்றேன். சிறுசேரி மேசையில் பச்சை காட்டியது அங்கே நிஜக் கதவில் என்ன செய்யும் என்று யார் கண்டது? அந்தக் கதவை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அத்தனை பேர் விரலைப் பார்த்திருக்கிறேன். அதை நம்பாவிட்டால் நான் என்ன வேலை பார்த்தேன்? அவள் கையைப் பிடித்து இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்சம் இறுக்கமாக இருந்த கை மெல்லத் தளர்ந்தது. பத்து விரலுக்கும், அம்மா வைப்பதைவிடக் கனமாக, தொப்பி வைத்தேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. அக்கா சிவந்த கையோடு எல்லாருக்கும் பிரியாணி பரிமாறினாள். அவள் திரும்பிப் போன அன்று எனக்கு ஆபீசில் எதுவும் ஓடவில்லை. விமானம் இறங்குகிற நேரம் தாண்டியது. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். லீட்டும் தன் இடத்தில் இருந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தது.

"வெளிய வந்துட்டேன்" என்றாள் அக்கா. "மொத வெரல் படிக்கல. எனக்கு மூச்சே நின்னுபோச்சு. வேற வெரல் வைக்கச் சொல்லிச்சு, வெச்சேன். திறந்திடுச்சு."

"அப்புறம் ஏன் இவ்வளவு லேட்டு?"

"தாண்டி வந்து அங்கயே நின்னுட்டேன். எனக்குப் பின்னால ஒரு பொண்ணு நின்னுச்சு. நம்ம ஊரு இல்ல, புதுக் கல்யாணம் போல, முழங்கை வரைக்கும் மருதாணி. அது என்ன ஆகுதுன்னு பாத்துட்டுப் போகலாம்னு நின்னேன்."

"என்ன ஆச்சு?"

போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவள் அழுகிறாள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

"ஒண்ணுமே ஆகலடி. வெரல வெச்சிச்சு, திறந்துச்சு, பெட்டிய தள்ளிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுச்சு. அதுக்கு எதுவுமே தெரியாது."

டீம் முழுக்க என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. போனைக் காதில் வைத்தபடியே கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினேன். பிறகு, ஊர் உலகமெல்லாம் என் வாயைப் பற்றிச் சொன்னதையெல்லாம் பொய்யாக்கிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல், பெருமை தாங்காமல் அழுதேன்.